அடைமழையில் கை ஊறாமல் இருக்க… – வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து வண்டி ஓட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், நடவுக்குப் போகிறவர்கள், பூ எடுக்கிறவர்கள் எனப் பலரும் கைகளைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். தலைக்கு ஹெல்மெட், உடம்புக்கு ரெயின்கோட், கைக்கு என்ன? ஒரே மாதிரியான கடிதங்களைச் சேர்த்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: உணவு டெலிவரி வேலை பார்க்கிறேன். 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருந்த கிளவுஸ் வாங்கினேன். அரை மணி நேரத்தில் உள்ளே கை நனைந்துவிடுகிறது. கழற்றினால் உள்துணியும் கையோடு வந்துவிடுகிறது. திரும்ப மாட்டினால் விரல் நுழைய மாட்டேன் என்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், கே.கே.நகர், மதுரை

கடைக்காரரைக் குற்றம் சொல்வதற்கு முன், தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று கண்டுபிடியுங்கள். நான்கு வழிகள் உண்டு. ரெயின்கோட் கை வழியே ஓடிவந்து மணிக்கட்டுத் திறப்பில் இறங்குவது ஒன்று. தையல் ஓட்டைகளில் கசிவது இன்னொன்று. வெளித்துணி முழுக்க ஊறிக் கனத்துப்போவது மூன்றாவது. நான்காவதைப் பெரும்பாலோர் கணக்கிலேயே எடுப்பதில்லை: உங்கள் கையின் வியர்வை.

சோதிப்பது சுலபம். வீட்டில் ஃபேன் ஓடாத அறையில், உலர்ந்த கையில் உலர்ந்த கிளவுஸைப் போட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். கழற்றும்போது உள்ளே பிசுபிசுப்பு இருந்தால் அது வியர்வை. அடுத்து, ஒவ்வொரு விரலிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிக்கொண்டு கிளவுஸை மாட்டி, வாளித் தண்ணீரில் மணிக்கட்டுக்கு இரண்டு விரல் கீழ்வரை முக்குங்கள். ஐந்து நிமிடம் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள். எந்த விரலின் பேப்பர் நனைந்திருக்கிறதோ அந்த விரலின் தையல்தான் குற்றவாளி. பெரும்பாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவட்டில்தான் கசியும். ஆக்சிலேட்டரைத் திருகும்போது அந்தத் தையல்தான் இழுபடுகிறது. இரண்டு சோதனையிலும் உள்ளே உலர்ந்தே இருந்தால் மழைநீர் மணிக்கட்டு வழியாக வருகிறது என்று அர்த்தம். அதற்குக் கிளவுஸை மாற்றிப் பயனில்லை. ரெயின்கோட் கையைச் சரிசெய்ய வேண்டும். அதை அடுத்த கேள்வியில் சொல்கிறோம்.

இந்த வகைக் கிளவுஸில் வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே மெல்லிய சவ்வுப் பை ஒன்று இருக்கும். மழைத்துளி அதற்குள் நுழையாது. வியர்வை மட்டும் ஆவியாக வெளியேறும் என்பது அதன் கணக்கு. ஆனால் உள்ளே ஈரப்பதம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் ஆவி வெளியேறும். மழை பெய்யும்போது மதுரையின் காற்றே வெதுவெதுப்பாக, ஈரம் முட்டிப்போய் நிற்கிறது. அதனால் இங்கே அந்தச் சவ்வு மந்தமாகத்தான் வேலை செய்யும். வெளித்துணியும் ஊறிவிட்டால் அதுவும் நின்றுவிடும். குளிர்ப்பிரதேசத்துக்காகச் செய்த கிளவுஸை அதே நம்பிக்கையோடு இங்கே போட முடியாது. எங்கள் யோசனை இதுதான்: மதுரை மழையில் முழுநாளும் கையை உலர்வாக வைக்கிற ஒரே கிளவுஸைத் தேடாதீர்கள். விலை குறைந்த மூன்று ஜோடி வைத்துக்கொண்டு, ஊறியதும் மாற்றுங்கள்.

எந்த மூன்று ஜோடி? உள்ளே மெல்லிய நைலான் பின்னல் கையுறை, அதன் மேல் ஒரு அளவு பெரிய, நீளமான ரப்பர் அல்லது நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் கையுறை (பாத்திரம் கழுவப் போடுவோமே, அந்த வகை, சுமார் 30 செ.மீ. நீளம்). வெளியுறை மழையைத் தடுக்கும், உள்ளுறை வியர்வையைக் குடிக்கும். வெளியுறை ஒன்று போதும். உள்ளுறையில்தான் மூன்று ஜோடி வேண்டும். ஆர்டர் எடுக்கக் காத்திருக்கும் நேரத்தில் ஈரமானதைக் கழற்றி, கையைத் துடைத்து, உலர்ந்ததை மாட்டுங்கள். உலர்ந்தவற்றை ஜிப் பிளாஸ்டிக் பையில் போட்டு உடம்போடு ஒட்டிய பாக்கெட்டில் வையுங்கள். சீட்டுக்கு அடியில் வைத்தால் அங்கேயும் ஈரம் ஏறிவிடும்.

வெளியுறையின் விரல் நுனி அரை செ.மீ.க்கு மேல் காலியாகத் தொங்கக் கூடாது. தொங்கும் நுனி பிரேக் லீவருக்கும் கிரிப்புக்கும் நடுவே சிக்கும். வண்டியை நிறுத்திவைத்துப் பத்து முறை பிரேக் பிடித்துப் பாருங்கள். ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டால் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். கேரி பேக்கைக் கையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டுகிறவர்களைச் சாலையில் பார்க்கிறோம். ஈரமான கிரிப்பில் பிளாஸ்டிக் பை வழுக்கும். திடீரென்று பிரேக் பிடிக்க வேண்டி வந்தால் பையும் கையும் ஒரே திசையில் போகாது. தயவுசெய்து வேண்டாம்.

உள்துணி வெளியே வருவதற்குக் காரணம், ஈரக்கையால் கிளவுஸை மொத்தமாக உருவுவது. விரல்களுக்குள் உள்துணி பெரும்பாலும் நுனியில்தான் பிடித்துவைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு விரல் நுனியையும் மறுகையால் பிடித்துக் கால் அங்குலம் தளர்த்தி, ஐந்தும் தளர்ந்த பிறகே முழுவதையும் உருவுங்கள். ஏற்கெனவே சுருண்டு போயிருந்தால் கிளவுஸ் முழுக்கக் காயும்வரை காத்திருந்து, கரண்டிக் காம்பின் மழுங்கிய முனையால் ஒவ்வொரு விரலாக உள்ளே தள்ளுங்கள். பென்சில், ஸ்க்ரூடிரைவர் எதுவும் வேண்டாம். சவ்வு கிழிந்தால் கதை முடிந்தது.

கேள்வி: திருமங்கலத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் மதுரைக்கு வேலைக்கு வருகிறேன். கிளவுஸை ரெயின்கோட் கைக்கு உள்ளே விடுவதா, வெளியே விடுவதா? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வாசகி, திருமங்கலம்

உங்கள் கை வேலையின்போது கீழே சரிகிறதா, மேலே தூக்குகிறதா என்று பாருங்கள். விடை அதில்தான் இருக்கிறது.

ஸ்கூட்டரில் தோளிலிருந்து கை கீழ்நோக்கிச் சரிகிறது. ரெயின்கோட்டில் விழுந்த தண்ணீர் அந்தச் சரிவில் இறங்கி மணிக்கட்டுக்கு வரும். கிளவுஸ் வெளியே இருந்தால் அதன் வாய் புனலாகி அத்தனையையும் வாங்கிக்கொள்ளும். ஆகவே கிளவுஸ் உள்ளே, ரெயின்கோட் கை அதன் மேலே. கோட் கை கிளவுஸின் மேல் குறைந்தது நான்கு விரல் அகலம் கவிந்திருக்க வேண்டும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கோட் கை பின்னுக்கு இழுபடும் என்பதால் இந்த அளவை வண்டியில் உட்கார்ந்து, கையை நீட்டி எடுங்கள். நின்றுகொண்டு பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று மழையைக் கோட் கையின் வாய்க்குள் தள்ளும். திருமங்கலம் நாற்கரச் சாலையில் இது நன்றாகவே தெரியும். கோட் கையின் வெல்க்ரோவை இறுக்குங்கள். எலாஸ்டிக் தளர்ந்துபோயிருந்தால் தையற்காரரிடம் கொடுத்து மாற்றுங்கள். ரெயின்கோட்டில் முதலில் கெடுவது அதுதான். விளையாட்டுப் பொருள் கடையில் கிடைக்கிற, மணிக்கட்டில் போடும் டவல் துணிப் பட்டையைக் கிளவுஸ் வாய்க்கு மேலே, கோட் கைக்கு உள்ளே மாட்டிக்கொண்டால் தப்பி வருகிற சொட்டுகளை அது குடித்துவிடும். ஆபீஸில் இறங்கியதும் பிழிந்து காயப்போட்டால் மாலைக்குத் தயார்.

தலைக்கு மேலே கை தூக்குகிற வேலை என்றால், அதாவது மரக்கிளை கழிப்பது, தார்ப்பாய் கட்டுவது, கூரை ஓடு மாற்றுவது போன்றவற்றில், முறை தலைகீழ். அப்போது கிளவுஸ் கோட் கைக்கு வெளியே இருக்க வேண்டும். ரப்பர் கிளவுஸின் வாயை இரண்டு அங்குலம் வெளிப்புறமாக மடித்துவிடுங்கள். உள்ளங்கையில் விழுந்து முழங்கைக்கு ஓடுகிற தண்ணீர் அந்த மடிப்பில் தேங்கும். அவ்வப்போது கையைத் தொங்கவிட்டுக் கொட்டிவிடலாம்.

கேள்வி: வண்டி ஹேண்டிலுக்கே ஏதாவது மறைப்பு கட்ட முடியுமா?
– வாசகர், மேலூர்

முடியும், நல்ல யோசனைதான். ஓடும் வண்டியில் மழை மேலிருந்து விழுவதைவிட முன்னாலிருந்து விரல் முட்டிகளில் அடிப்பதே அதிகம். முன்பக்க அடியைத் தடுத்தாலே கிளவுஸ் ஊறும் நேரம் வெகுவாகத் தள்ளிப்போகும்.

ஹேண்டிலோடு மாட்டுகிற பிளாஸ்டிக் 'ஹேண்ட் கார்டு' கடைகளில் கிடைக்கிறது. செலவில்லாமல் செய்ய, காலியான 5 லிட்டர் எண்ணெய் கேன் இரண்டு எடுங்கள். கழுவிக் காயவைத்து, அடிப்பாகத்தையும் ஒரு பக்கச் சுவரையும் வெட்டி எடுத்தால் வளைந்த கவசம் கிடைக்கும். வெட்டிய ஓரம் கத்தி மாதிரி இருக்கும். சைக்கிள் டியூபை நீளவாக்கில் பிளந்து ஓரத்தில் சுற்றி ஒட்டுங்கள். கண்ணாடிக் கம்பியில் இரண்டு இடத்தில் கேபிள் டை போட்டு இறுக்குங்கள். ஒரே இடத்தில் கட்டினால் காற்றில் சுழலும். பிரேக் லீவருக்கும் கவசத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும். பிறகு ஹேண்டிலை இடது, வலது இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்புங்கள். எங்காவது தட்டினாலும், கேபிளை இழுத்தாலும், இண்டிகேட்டரை மறைத்தாலும் கழற்றிவிட்டுச் சரிசெய்த பிறகே ஓட்டுங்கள்.

கேள்வி: மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் லோடு இறக்குகிறேன். புள்ளி வைத்த துணி கிளவுஸ்தான் எல்லோரும் போடுகிறோம். மழையில் அது ஊறிக் கனத்து, சாக்கும் வழுக்குது. லெதர் கிளவுஸ் வாங்கலாமா?
– வாசகர், ஒத்தக்கடை

லெதர் வேண்டாம். ஊறினால் காய இரண்டு நாளாகும். காய்ந்தால் அட்டை போல விறைத்துவிடும். புள்ளி வைத்த பருத்திக் கிளவுஸ் வெயில் நாளுக்குச் சரி. பருத்தி தண்ணீரைக் குடித்துக்கொண்டு விடாது, அதுதான் கனம்.

உங்களுக்கு ஏற்றது, நைலான் பின்னலில் உள்ளங்கையிலும் விரல்களிலும் மட்டும் ரப்பர் பூச்சு உள்ள வகை. ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. வாங்கும்போது பூச்சைத் தடவிப் பாருங்கள். மொழுமொழுவென்று இருப்பது ஈரத்தில் வழுக்கும். சுருக்கம் சுருக்கமாக, கரடாக இருப்பதே ஈரச் சாக்கைப் பிடிக்கும். புறங்கைப் பக்கம் பூச்சு இல்லாததால் மழை அதன் வழியே உள்ளே வரும், வந்தபடியே வெளியேயும் போகும். கை நனையும், ஆனால் புழுங்காது. மூட்டை தூக்கி வியர்க்கிற வேலைக்கு முழுக்க மூடிய ரப்பர் கிளவுஸைவிட இதுவே மேல். மணிக்கு ஒருமுறை கழற்றி முறுக்கிப் பிழிந்துகொள்ளுங்கள்.

அளவு முக்கியம். கட்டைவிரலை விட்டுவிட்டு, நான்கு விரல்களின் அடியில் உள்ளங்கையைச் சுற்றி டேப் பிடியுங்கள். 18 செ.மீ. வந்தால் 7ஆம் எண், 20 என்றால் 8, 23 என்றால் 9, 25 என்றால் 10. கடையில் 'ஃப்ரீ சைஸ்' என்று கொடுப்பது பெரும்பாலும் பெரிய ஆண் கைக்கானது. பெண் தொழிலாளர்கள் எண் கேட்டு வாங்குங்கள். பெரிய கிளவுஸில் சாக்கின் நுனி நழுவும்.

கேள்வி: நடவு வேலைக்குப் போகிறோம். காலையிலிருந்து சாயந்திரம்வரை சேற்றிலும் மழையிலும் கை. விரல் வெளுத்து ஊறி, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் தோல் உரிந்து எரிகிறது. நகத்தைச் சுற்றி வீங்கி வலிக்கிறது. எல்லோரும் மருதாணி அரைத்துப் போடச் சொல்கிறார்கள்.
– வாசகிகள், சோழவந்தான்

பேரணையிலிருந்து கள்ளந்திரிவரை நடவு நடக்கிற எந்த வயலிலும் இந்தக் கைகளைப் பார்க்கலாம். வேலை செய்தால் இப்படித்தான் இருக்கும் என்று சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

விரல் நுனி சுருங்குவது நோயல்ல. தண்ணீரில் ஊறும்போது நரம்புகள் விரல் நுனியின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகின்றன, தோல் மடிகிறது. கை காய்ந்தால் சரியாகிவிடும். ஆனால் மணிக்கணக்கில் ஊறினால் மேல்தோல் வெளுத்துத் தளர்ந்து, சின்ன உரசலிலும் பிய்ந்துவிடும். சேறும் நாற்றின் ஓரமும் அந்த உரசலைக் கொடுக்கின்றன.

நடுவிரல், மோதிர விரல் இடுக்கைச் சரியாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டியே நிற்பதால் இடுக்கில் காற்றுப் படுவதில்லை. ஈரம் தங்கிய இடத்தில் கேண்டிடா என்னும் பூஞ்சை வளர்கிறது. வெள்ளையாக ஊறிய தோல், நடுவில் சிவந்த புண், எரிச்சல்: காலில் வருகிற சேற்றுப்புண் போலவே கையிலும் வரும். மோதிரம் போட்டிருந்தால் அதற்கு அடியில் ஈரம் காயவே காயாது. நடவுக் காலம் முடியும்வரை கழற்றி வையுங்கள்.

செய்ய வேண்டியவை இவை. வேலைக்குப் போகுமுன் நகத்தைச் சுற்றியும் புறங்கையிலும் வேஸ்லினை மெல்லிதாகத் தடவுங்கள். விரல் இடுக்கில் மட்டும் எண்ணெயோ வேஸ்லினோ வேண்டாம். அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். பழைய பருத்தி வேட்டித் துணியை நான்கைந்து துண்டாகக் கிழித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போங்கள். டீ குடிக்க, வெற்றிலை போட, சாப்பிட என்று வரப்பேறும் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, ஒவ்வொரு இடுக்காகத் துடையுங்கள். பிறகு விரல்களை விரித்தபடி பத்து நிமிடம் விடுங்கள். நனைந்த முந்தானையில் துடைத்தால் துடைத்ததாகக் கணக்கில்லை. நாள் முழுக்கத் தண்ணீரில் நின்றாலும் இடையிடையே கிடைக்கும் இந்தப் பத்து நிமிடங்கள்தான் தோலைக் காப்பாற்றுகின்றன.

வீட்டுக்கு வந்ததும் துணி சோப்பால் கையைத் தேய்க்காதீர்கள். அதன் காரம் தோலின் எண்ணெயையும் உரித்துவிடும். குளியல் சோப்பு கொஞ்சம் போதும். ஒற்றித் துடைத்து, இடுக்கை நன்றாக உலரவிட்டு, மற்ற இடங்களில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

இடுக்குப் புண்ணுக்கு 1% குளோட்ரிமசோல் களிம்பைக் காலையும் இரவும் உலர்ந்த தோலில் தடவலாம். இரண்டு வாரமாவது தொடர்ந்து போட வேண்டும். எரிச்சல் மூன்றாம் நாளே அடங்கியதும் நிறுத்தினால் திரும்ப வரும். மெடிக்கலில் ஒரே டியூபில் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த களிம்பைத் தருவார்கள். உடனே இதமாக இருக்கும். ஆனால் ஸ்டீராய்டு அரிப்பை மறைத்துவிட்டுப் பூஞ்சையைப் பரவவிடும். குளோட்ரிமசோல் மட்டும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

நகத்தைச் சுற்றிய வீக்கம் நகச்சுத்து. நகத்தின் அடியில் ஒட்டியிருக்கிற மெல்லிய தோல்தான் உள்ளே தண்ணீர் போகாமல் தடுக்கிறது. ஊறி ஊறி அது பிரிந்துவிட்டால் சேறும் கிருமியும் உள்ளே இறங்குகின்றன. அந்தத் தோலைக் கடிக்கவோ பிய்க்கவோ கூடாது. எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகுவது வழக்கம். தோல் உரிந்திருந்தால் புண்ணை அது இன்னும் கிளறும். சீழ் வைத்திருந்தாலோ, வலி துடித்தாலோ கீறிவிட வேண்டியிருக்கும். அதை மருத்துவமனையில் செய்யுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சீழ் வரும்வரை காத்திருக்கவே கூடாது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

மருதாணி இலையை அரைத்துக் கையில் வைப்பது வழிவழியாக வருகிற பழக்கம். உரியாத தோலில் வைப்பதில் தவறில்லை. உரிந்து சிவந்த புண்ணில் எதையும் அரைத்து வைக்காதீர்கள். கடையில் விற்கும் கோனில் வேறு ரசாயனம் கலந்திருக்கலாம். அது அறவே வேண்டாம்.

கையில் கீறல் இருக்கும்போது வயல் தண்ணீரில் இறங்குவதில் இன்னோர் ஆபத்து எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து கிருமி கீறல் வழியே உடம்பில் ஏறும். ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "நடவு வேலை செய்கிறேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் மருத்துவருக்குப் பெரிய உதவி.

நடவுக்குக் கையுறை போடலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். மணிக்கட்டுவரை வருகிற கையுறை சேற்றில் இறங்கியதும் நிரம்பிவிடும், வெறுங்கையைவிட மோசம். முழங்கைவரை வருகிற நீளக் கையுறை நாற்று பறிப்பதற்கும் முடிச்சு எடுத்துப் போடுவதற்கும் சரிப்படும். நடுவதற்கு விரல் உணர்வு போதாது.

கேள்வி: மல்லிகைத் தோட்டத்தில் மழையோடு மொட்டு எடுக்க வேண்டியிருக்கிறது. கிளவுஸ் போட்டால் காம்பு கிள்ள வரவில்லை.
– வாசகி, திருப்பரங்குன்றம் வட்டாரம்

வராதுதான். மொட்டு எடுப்பது நகத்துக்கும் விரல் சதைக்கும் நடுவிலான வேலை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியையும் முதல் கணுவோடு வெட்டிவிட்ட நைலான் பின்னல் கையுறை போடுங்கள். வெட்டிய ஓரம் பிரியாமல் நூலால் சுற்றித் தைத்துக்கொள்ளுங்கள். செடி உரசிக் கையில் வழிகிற தண்ணீரை அது குடிக்கும், கீறலும் குறையும். திறந்திருக்கிற மூன்று நுனியில் வேஸ்லின் தடவினால் பூவில் ஒட்டும், பூ வாடிக் கறுக்கும். ஆகவே அதை வேலை முடிந்த பிறகு தடவுங்கள். மருத்துவமனையில் போடுகிற மெல்லிய நைட்ரைல் கையுறையிலும் மொட்டு எடுக்க முடிகிறது என்பவர்கள் உண்டு. அப்படிப் போட்டால் அரை மணிக்கொரு முறை மாற்ற வேண்டும். உள்ளே வியர்வையில் விரல் ஊறுவதும் மழையில் ஊறுவதும் தோலுக்கு ஒன்றுதான்.

கேள்வி: மழையில் தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரைப் போடும்போது பாத்திரம் கழுவும் ரப்பர் கிளவுஸ் போட்டால் ஷாக் அடிக்காதா?
– வாசகர், உசிலம்பட்டி

அடிக்கும். அதை நம்பித் தொடாதீர்கள். வீட்டு ரப்பர் கிளவுஸில் கண்ணுக்குத் தெரியாத ஊசி ஓட்டை இருக்கலாம். உள்ளே வியர்வை ஈரம், வெளியே மழை ஈரம், நடுவே மெல்லிய ரப்பர். மின்வேலைக்கான ரப்பர் கையுறைக்கு ஐ.எஸ். 4770 என்ற தனித் தரமே இருக்கிறது. எத்தனை வோல்ட் தாங்கும் என்று சோதித்து, அந்த அளவைக் கையுறையிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

ஸ்டார்ட்டர் பெட்டி நனையாத இடத்தில், கூரைக்கு உள்ளே இருக்க வேண்டும். நனைந்திருந்தால் மழை விட்டு, பெட்டி காய்ந்து, எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே போடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவுத் துண்டிப்பான்) ஒன்றை வயர்மேனிடம் சொல்லிப் பொருத்திக்கொள்ளுங்கள். கசிவு மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் நொடிக்குள் துண்டிக்கும். ஒரு நாள் தண்ணீர் பாயாவிட்டால் பயிர் செத்துவிடாது. அதிலும் மழை பெய்கிற நாளில் என்ன அவசரம்?

கேள்வி: மார்கழிக்கு முன் நண்பர்களோடு பைக்கில் கொடைக்கானல் போகிறோம். மதுரையில் போடுகிற கிளவுஸே போதுமா?
– வாசகர், நாகமலை புதுக்கோட்டை

வத்தலக்குண்டுவரை போதும். மலை ஏறினால் போதாது. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்குமேல் வெப்பம் குறையும். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை இருபது மடங்குக்குமேல் வேகமாக இழுக்கும். நனைந்த கை, எதிர்க்காற்று, குளிர் மூன்றும் சேர்ந்தால் விரல் மரத்துப்போய், கொண்டை ஊசி வளைவில் பிரேக் எவ்வளவு பிடிக்கிறோம் என்பதே தெரியாமல் போகும்.

இங்கே குறை சொன்ன அந்தச் சவ்வுக் கிளவுஸுக்கு மலையில்தான் மரியாதை. வெளிக்காற்று குளிர்ந்திருப்பதால் உள்ளே இருக்கும் ஆவி சுலபமாக வெளியேறும். உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை போடும் அளவுக்குத் தளர்வாக வாங்குங்கள். இறுக்கமாக இருந்தால் விரலில் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். அவசரத்துக்கு, மெல்லிய நைட்ரைல் கையுறையை முதலில் மாட்டி அதன் மேல் கம்பளி போடலாம். கை ஈரமாகத்தான் இருக்கும், ஆனால் சூடு போகாது. விரல் மரத்தால் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். கையை அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள். சைலன்சரில் வைக்காதீர்கள், மரத்த விரலுக்குச் சூடு உறைக்காது, வெந்துவிடும்.

கேள்வி: ஈரக் கிளவுஸ் நாறுகிறது. வெயிலே இல்லாத நாளில் எப்படிக் காயவைப்பது?
– வாசகி, மேல அனுப்பானடி

முதலில் உள்புறத்தை வெளியே திருப்பி, சோப்புத் தண்ணீரில் அலசி, சோப்பு போகும்வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றுங்கள். நாற்றத்துக்குக் காரணம் வியர்வையில் வளரும் கிருமிகள். அலசாமல் காயவைத்தால் காய்ந்த பிறகும் நாறும். அலசியதை ஒரு துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் பாதி ஈரம் போய்விடும். பிறகு விரல்களுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, ஒரு மணி நேரத்தில் எடுத்துப் புதுத்தாள் வையுங்கள். இரண்டாவது தாளை எடுத்ததும் காலிப் பாட்டிலின் மேல் கிளவுஸைக் கவிழ்த்து, விரல்கள் மேலே நிற்க, ஃபேனுக்கு அடியில் நிறுத்துங்கள். காலைக்குள் காய்ந்துவிடும்.

அடுப்புக்கு மேலேயோ, ஃபிரிட்ஜின் பின்னாலேயோ, இஸ்திரிப் பெட்டியாலோ காயவைக்காதீர்கள். ரப்பர் வெடிக்கும், பசை விடும். மழை விட்டதும் அடிக்கிற சுள்ளென்ற வெயிலும் ரப்பருக்கு ஆகாது, நிழலில் போடுங்கள். சவ்வுக் கிளவுஸை முழுதாகத் திருப்ப முடியாது, வாய்ப்பகுதியை மட்டும் மடித்துவிடுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் அதற்கு வேண்டாம்; வெளித்துணியில் தண்ணீர் உருண்டோடும் பூச்சை அது கெடுக்கும்.

இன்னொன்று: லேடக்ஸ் (இயற்கை) ரப்பர் கையுறையை எண்ணெயும் வேஸ்லினும் பெட்ரோலும் அரித்துப் பிசுபிசுவென்று ஆக்கிவிடும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு போடுவதாக இருந்தால் நைட்ரைல் வாங்குங்கள். கையுறை போட்ட சிறிது நேரத்தில் அரிப்பும் தடிப்பும் வருகிறவர்களுக்கும் நைட்ரைல்தான். லேடக்ஸ் ஒவ்வாமை உள்ள சிலருக்கு வாழைப்பழம், பப்பாளி சாப்பிட்டாலும் வாய் அரிக்கும். அப்படி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: மழையில் செல்போன் திரை விரலுக்குக் கட்டுப்பட மாட்டேன் என்கிறது. கிளவுஸைக் கழற்றாமல் வழி உண்டா?
– வாசகர், அண்ணாநகர், மதுரை

திரையில் விழும் தண்ணீரையும் போன் விரல் என்றே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் தானாகத் திறந்து தானாக அழைக்கிறது. போனை மெல்லிய ஜிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறைமேல் தொடுங்கள். உறைக்கு வெளியே ஈரம் இருந்தால் ஒரு முறை துடைத்துவிட்டுத் தொடுங்கள். பல போன்களில் 'டச் சென்சிட்டிவிட்டி' என்ற அமைப்பு இருக்கும். அதைக் கூட்டினால் மெல்லிய நைட்ரைல் கையுறை வழியாகவும் தொடுகை ஏறும். தடித்த ரப்பருக்கு ஏறாது. வழி பார்க்க வேண்டுமானால் கிளம்பும் முன்பே இடத்தைப் பதிந்து, குரல் வழிகாட்டுதலைப் போட்டுவிடுங்கள். அழைப்பு வந்தால் ஓரமாக நிறுத்தி, மழை படாத இடத்தில் எடுங்கள்.